வாழைக்காய்க்குள் கோதுமை

வாழைக்காயில் கோதுமை இல்லை என்று பாக்கெட்டின் மேல் பச்சை எழுத்தில் போட்டு, ஒரு கோதுமைக் கதிரை வரைந்து, அதன் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். எழுத்துக்குத் தனி விலை. காந்திபுரத்தில் ஏசி போட்ட கடை ஒன்றில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. இறங்குவதற்குள் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நாகர்கோவில்காரி. ஏத்தங்காயை, அதாவது நேந்திரங்காயை, சீவித் தேங்காய் எண்ணெயில் பொரித்து எடுப்பது எங்கள் பக்கத்தில் மூச்சு விடுவதுபோல. யாரும் அதற்கு விளம்பரம் போட்டதில்லை. எனக்குத் தபால் ஆபீஸில் வேலை. வீட்டுக்காரர் சவூதியில். வீட்டில் நானும் மகள் ஷைனியும் மட்டும்தான். ஷைனிக்குக் கோதுமை ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று அர்த்தமில்லை. ஒரு துண்டு ரொட்டி உள்ளே போனால் போதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். எழுந்து நடமாட நாளாகும். சின்ன வயதில் அதைப் பூச்சி என்றார்கள், கண்ணேறு என்றார்கள், பள்ளிக்கூடம் போகப் பயந்து நடிக்கிறாள் என்றார்கள். கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர்தான் குடலைப் பார்த்துவிட்டு, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற சமாசாரம் இவள் குடலை அரிக்கிறது என்றார். அன்றைக்கு வீட்டிலிருந்த கோதுமை மாவு, மைதா, ரவை, சேமியா எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலைக் கோதுமை மிதித்ததில்லை. அவள் தின்னாததை நானும் தின்னவில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கோயம்புத்தூரில், துடியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். மேப்பில் பார்த்தால் தமிழ்நாடுதான், எனக்கோ அது வெளிநாடு. மீன் கிடையாது, கடல் காற்று கிடையாது, கோபப்பட்டால் திருப்பிக் கோபப்பட ஆளும் கிடையாது.

போன அன்றே ஹாஸ்டலைப் பார்க்கக் கிளம்பினோம். காந்திபுரத்தில் டவுன் பஸ் கூட்டமாக நின்றது. எங்கள் ஊர் வழக்கப்படி, கையிலிருந்த டின்னை ஜன்னல் வழியாக உள்ளே வைத்து ஒரு சீட்டைப் பிடித்தேன். அந்த டின் நிறைய ஏத்தங்காய் சிப்ஸ். மெஸ்ஸில் சப்பாத்தி போடும் ராத்திரிகளில் வயிறு காயாமல் இருக்கட்டும் என்று நானே என் அடுப்பில் பொரித்தது. நாங்கள் வாசல் பக்கம் சுற்றி வருவதற்குள் பஸ் டின்னோடு புறப்பட்டுவிட்டது.

நான் ஓடினேன், கத்தினேன். பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர், "போச்சாதுங்க, அடுத்த பஸ்சு இப்ப வந்துருமுங்க" என்றார். போனால் போகிறது என்று அர்த்தமாம். போனது என் டின்!

அடுத்த பஸ்ஸில் போய்த் துடியலூரில் இறங்கி, அந்த பஸ் திரும்பி வரும்வரை நின்று கண்டக்டரைப் பிடித்தேன். அவர் பதறிப்போனார். "ஏனுங்க, அது உங்களுதுங்களா? அந்த சீட்டுக்குப் பக்கத்துல ஒரு பெரியவரு இருந்தாருங்க. மறந்துட்டு எறங்கறாருன்னு நெனச்சு, டின்னை எடுத்துட்டு ஓடிப்போயிக் கையில குடுத்துப்போட்டேனுங்க."

"அவர் வாங்கிட்டாரா?"

"என்றது இல்லைன்னுதான் சொன்னாருங்க. கூச்சப்படறாராட்ட இருக்குதுன்னு நான்தான் வற்புறுத்திக் குடுத்தனுங்க."

என்னுடையது இல்லை என்று ஒரு மனுஷன் சொல்கிறார். அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஊரில் இல்லைக்கு மதிப்பே இல்லை என்று அப்போதே எனக்குத் தட்டுப்பட்டது. அந்தப் பெரியவர் இந்நேரம் என் சிப்ஸைத் தின்றுகொண்டிருப்பார். நல்லா இருக்கட்டும்.

ஹாஸ்டல் வார்டன் ஐம்பது வயது அம்மா. நெற்றி நிறைய விபூதி, முகம் நிறைய சிரிப்பு. காபி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார், எங்கள் ஊர் மழையை விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கோதுமை ஆகாதுங்களா? அதுக்கென்னங்க, மைதா குடுத்தரலாமுங்க."

"மைதா கோதுமையிலிருந்துதான் வருது."

"அப்படீங்களா? அது வெள்ளையா இருக்குதுங்களே. அப்ப ரவை உப்புமா வெச்சுக் குடுக்கறனுங்க."

"ரவையும் கோதுமைதான்."

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. எங்க புள்ளையாட்டம் பாத்துக்கறமுங்க." அவர் ஷைனியின் கன்னத்தைத் தடவினார். அவர் மனசில் கபடம் இல்லை. அதுதான் சிக்கல். கபடம் உள்ளவர்களை நான் சமாளித்துவிடுவேன்.

மெஸ் சுவரில் என்னென்ன சாப்பாடு என்று எழுதி ஒட்டியிருந்தது. சப்பாத்தி, பூரி, உப்புமா, சேமியா, பரோட்டா. கம்பும் சோளமும் ராகியும் விளைந்த மண். அரிசியை அவித்துப் பிழிந்து சந்தகை என்று இழை இழையாகத் தின்கிற ஜனங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வடக்கிலிருந்து லாரியில் வரும் மாவைத் தட்டிப் போடுகிறார்கள். கேட்டால், பிள்ளைகள் அதைத்தான் விரும்புகிறார்கள் என்று பதில். மத்தியானம் சோறு உண்டு, தயிர் உண்டு, பிழைத்துக்கொள்வாள். ராத்திரிக்கு என்ன செய்வாள்? ஹாஸ்டல் அறையில் அடுப்பு வைக்கக் கூடாதாம்.

திங்கட்கிழமை அவள் ஹாஸ்டலில் சேர வேண்டும். நாங்கள் தங்கியிருந்த லாட்ஜுக்குத் திரும்பும் வழியில் ஷைனியிடம் தீர்மானமாகச் சொன்னேன். "மக்ளே, அதுக்குள்ள இந்த ஊர்ல நம்பித் திங்கிற மாதிரி ஒரு சிப்ஸ் கெடச்சா நீ இங்க படி. இல்லைன்னா அடுத்த பஸ்சுல நாகர்கோவில். அங்க காலேஜே இல்லியா?"

"சவத்த விடும்மா" என்றாள் அவள். போய்த் தொலையட்டும் என்று அர்த்தம். அவளுக்கு எல்லாமே சவத்த விடும்மாதான். யார் எதை நீட்டினாலும் வேண்டாம் என்று இரண்டாவது தடவை சொல்லக் கூசுகிற பிள்ளை. இத்தனை வருஷமும் அவளுக்கான வேண்டாம் எல்லாம் நான்தான் சொல்லியிருக்கிறேன். கல்யாண வீட்டில், கோயில் கொடையில், பள்ளிக்கூடத்துப் பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் எல்லாம். திங்கட்கிழமைக்குப் பிறகு யார் சொல்வது?

மறுநாள்தான் அந்த ஏசி கடை. பாக்கெட்டின் முன்னால் குளூட்டன் ஃப்ரீ. பின்னால் திருப்பினேன். எறும்பு மாதிரி இங்கிலீஷ் எழுத்து. கண்ணாடியை ஏற்றிப் படித்தேன். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: வாழைக்காய், எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம், அடைப்புக்குறிக்குள் கோதுமை மாவு கலந்தது. அதற்குக் கீழே, இந்தப் பொருள் கோதுமை கையாளப்படும் ஆலையில் தயாரானது.

பெருங்காயக் கட்டியில் மாவு சேர்ப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அதுவும் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் முன்பக்கம் இல்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் பின்பக்கம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் தைரியத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. கல்லாவிலிருந்த பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, "முன்னாடி இருக்கறது சும்மா டிசைனுங்க" என்றாள்.

"டிசைனா? இதை நம்பித் தின்னு ஒரு பிள்ளை ஆஸ்பத்திரில கெடந்தா?"

"அய்யோ, உங்க புள்ளைக்கு நெஜமாவே ஆகாதுங்களா?" அந்தப் பெண் நிஜமாகவே பதறினாள். "இங்க எல்லாரும் ஒடம்பு எளைக்கத்தானுங்க இதை வாங்கறாங்க."

உடம்பு இளைக்க! பரோட்டா தின்று அலுத்தவர்கள் ஒரு மாதம் விளையாடிப் பார்க்கும் விளையாட்டு, என் மகளுக்கு உயிர்ப் பிரச்சினை. நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு அம்மா எனக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினார். அந்த ஊர்ச் சிறுவாணித் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. சண்டையின் நடுவில் தண்ணீர் கொடுத்தால் மனுஷி எப்படித் தொடர்வது?

வெளியே வந்தால் தெருவெங்கும் தள்ளுவண்டி. ரோட்டுக்கடைக் காளானை மைதாவில் பிசைந்து பொரித்து, நசுக்கி, மசாலாவில் புரட்டிக் கொடுக்கிறார்கள். அதன் வாசனைக்கு ஷைனியின் மூக்கு விரிந்ததைப் பார்த்தேன். அவள் வயதுப் பெண்கள் தட்டை ஏந்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காளான் வண்டியின் மேலும் எனக்குக் கோபம் வந்தது. அதற்கு நியாயம் கிடையாது, இருந்தாலும் வந்தது.

இரண்டு தெரு தள்ளி ஒரு சிப்ஸ் கடை. கொதிக்கும் எண்ணெயில் நேராக வாழைக்காயைச் சீவிக்கொண்டிருந்தார் ஒருவர். தேங்காய் எண்ணெய் வாசனை என் ஊரையே கொண்டுவந்தது. பெருங்காயம் இல்லை, மஞ்சளும் உப்பும்தான்.

"இந்தச் சட்டியில வேற எதாவது போடுவீங்களா?" என்று கேட்டேன்.

"வாழைக்கா மட்டுந்தானுங்க."

நம்பி வாங்கினேன். ஷைனி ஒன்றை வாயருகே கொண்டுபோன நேரம், பின்னாலிருந்து ஒரு அம்மா தாம்பாளம் நிறைய மாவு முக்கோணங்களைக் கொண்டுவந்து அதே சட்டியில் சரித்தார். நான் ஷைனியின் கையைத் தட்டிவிட்டேன். சிப்ஸ் தெருவில் சிதறியது.

"இது என்ன?"

"சமோசாங்க."

"வாழைக்காய் மட்டும்னு சொன்னீங்களே!"

"சாயங்காலம் நாலு சமோசா போடறதுதானுங்க. அதையெல்லாம் ஒரு பலகாரம்னு சொல்ல முடியுங்களா?"

அவரை என்ன செய்வது? ஏமாற்றுக்காரராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். என் மனம் கோணக்கூடாதே என்று உண்மையைக் கொஞ்சம் சுருக்கிச் சொன்னார், அவ்வளவுதான். காரணத்தைச் சொன்னதும் அடுப்பையே அணைத்துவிட்டார். "என்ற அத்தை பொண்ணு ஒருத்தி காங்கேயத்துல இருக்கறாளுங்க. பூங்கொடின்னு பேரு. எண்ணெய் மில்லு அவங்களுது. வாழைக்காயைத் தவிர அவ சட்டி வேற எதையும் பாத்ததில்லைங்க. இதுல பொய்யில்லைங்க" என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். சிதறிய சிப்ஸுக்குக் காசு வாங்கவும் மறுத்துவிட்டார்.

அடுத்த நாள் காங்கேயத்துக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் வறண்ட காடு, வேலி போட்ட மேய்ச்சல் நிலம். திமிலை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் மாடுகள் பஸ்ஸைப் பார்த்து அசையவில்லை. எங்கள் பக்கத்து மாடுகளுக்கு இத்தனை கம்பீரம் கிடையாது. ஊர் நெருங்க நெருங்க, களங்களில் வெட்டிப் பரப்பிய தேங்காய் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. காற்றே எண்ணெய்ப் பசையாக இருந்தது. நாங்கள் தேங்காயை அரைத்துக் குழம்பில் ஊற்றித் தீர்த்துவிடுகிறோம், இவர்கள் மலைமலையாகக் காயப்போட்டு ஊர் ஊராக அனுப்புகிறார்கள்.

சிப்ஸ் கடைக்காரர் போனில் சொல்லியிருந்ததால் பூங்கொடி ஸ்கூட்டரில் பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டாள். நாற்பது வயது இருக்கும். வாட்டசாட்டமான பெண், பேச்சில் ஒரு வேகம். மில்லை ஒட்டிய கொட்டகையில் அவள் சிப்ஸ் போடுகிறாள். ஒரே சட்டி, ஒரே எண்ணெய், காய் சீவ மோட்டார் மிஷின். நான் வாய்ப்பாடு ஒப்பித்தேன். "கோதுமை, மைதா, ரவை, சேமியா, கட்டிப் பெருங்காயம். இதுல எதுவும் இந்தக் கொட்டகைக்குள்ள வருமா?"

"எதுவும் வராதுங்க. மொதல்ல சாப்டுங்க, அப்பறம் சோதனை போடுங்க. ஒறம்பரை வந்து வெறும் வயித்துல நிக்கறதுங்களா?"

விருந்தாளியைத்தான் ஒறம்பரை என்கிறார்கள். அரிசிம்பருப்புச் சாதம் வந்தது. பெருங்காயம் உண்டா என்று கேட்டேன், பூண்டுதானுங்க என்றாள். ஷைனி நெய் ஊற்றி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு நான் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காய் உரிப்பதிலிருந்து எண்ணெய் வடிப்பதுவரை போலீஸ்காரி மாதிரி பார்த்தேன். ஒரு குறை இல்லை. மொந்தன் காய், எங்கள் ஏத்தனின் மஞ்சள் அதற்கு வராது. ஆனால் வாயில் போட்டதும் நொறுங்கியது. ஷைனி என்னைப் பார்த்து, "கொள்ளாம்மா" என்றாள். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

பெரிய டின் ஒன்றில் நிரப்பி, வீட்டுக்குள்ளே கொண்டுபோய் மூடி, இரண்டு கையாலும் தந்தாள் பூங்கொடி. "பொட்டப்புள்ள மொத மொதலா ஊட்டை விட்டு வந்திருக்குது. நல்லாப் படி கண்ணு" என்றாள். திரும்பும் பஸ்ஸில் அந்த டின்னை மடியை விட்டு இறக்கவில்லை. சீட்டுப் பிடிக்கவா? இனி ஜென்மத்துக்கும் இல்லை.

லாட்ஜில் மூடியைத் திறந்தேன். வாழைக்காய்க்கு மேலே, அடர்த்தியாக ஒரு அடுக்கு கலகலா. மைதா மாவில் சர்க்கரை சேர்த்து, சாய்சதுரமாக வெட்டிப் பொரிக்கிற அதே கலகலா. பஸ் குலுக்கிய குலுக்கலில் அதன் தூள் டின்னின் அடிவரை இறங்கியிருந்தது. தேடித்தேடிக் கண்டுபிடித்த ஒரே நல்ல சிப்ஸ், இனி ஒன்றுகூட என் பிள்ளைக்கு ஆகாது.

நான் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. கடைசியாக, "மூட்டையைக் கட்டு, கெளம்பு" என்றேன். "இவங்களுக்கு ஒண்ணு சொன்னாப் புரியாது. இந்த மரியாதையிலயே உன்னைக் கொன்னுருவாங்க."

ஷைனி போனை எடுத்து பூங்கொடியைக் கூப்பிட்டு, எனக்குக் கேட்கும்படி வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"அய்யோ கண்ணு" என்றாள் பூங்கொடி. "அது கொசுறுங்க. வெறும் வாழைக்காயோட உன்னை எப்படி அனுப்பறது? பக்கத்தூட்டுல கலகலா சுட்டாங்க. ஒரு படி வாங்கி மேல போட்டேன். கொட்டகைக்குள்ளகூடக் கொண்டு வரலை கண்ணு, ஊட்டுக்குள்ள வெச்சுத்தான் போட்டேன்."

"அதுல மைதா இருக்கே அக்கா."

"வித்ததுல ஒண்ணுமில்லைன்னுதான் நான் சொன்னேன். கொசுறைப் போயி யாராச்சும் அதோட சேத்துப் பாப்பாங்களா?"

"அக்கா, கொசுறும் வயித்துக்குள்ளதானே போகும்?"

"எனக்குத் தோணவே இல்லையே கண்ணு, தோணவே இல்லையே" என்று இரண்டு முறை சொன்னாள். "திங்கக்கெழமை எங்க சேர்ற? எடத்தைச் சொல்லு, நான் வாரேன்."

நான் போனைப் பிடுங்கி நாலு கேட்கலாம் என்று கையை நீட்டினேன். ஷைனி தள்ளி நின்றுகொண்டாள். போனை வைத்துவிட்டு, "எம்மா, எல்லாச் சண்டையும் நீயே போட்டுட்டா எனக்கு என்னதான் மிச்சம்?" என்றாள். "திங்கக்கெழம மட்டும் நீ வாயத் தெறக்காத. நான் பாத்துக்கிடுவேன். முடியலைன்னா நானே உன்கூட ஊருக்கு வந்துருவேன்."

சம்மதித்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுதும் லாட்ஜ் ஜன்னலில் உட்கார்ந்து பஸ்களை முறைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஹாஸ்டல் வாசலில் எங்களுக்கு முன்பே பூங்கொடி நின்றிருந்தாள். கையில் புது டின். எனக்கு முன்னால் மூடியைத் திறந்து, அடிவரை கையை விட்டுக் கிளறிக் காட்டினாள். வாழைக்காய் தவிர வேறு ஒன்றுமில்லை. "கொசுறில்லாமக் குடுக்கக் கை கூசுதுங்க" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

உள்ளே புதுப் பிள்ளைகளுக்கெல்லாம் வார்டன் அம்மா பாயாசம் கொடுத்துக்கொண்டிருந்தார். சேமியாப் பாயாசம்! ஷைனியிடம் டம்ளரை நீட்டினார்.

"வேண்டாம் மேடம். எனக்கு ஆகாது" என்றாள் ஷைனி.

"மொத நாளு கண்ணு. ஒரு வாய். இனிப்புச் சாப்ட்டுத்தான் உள்ள போகணும்."

"இல்ல மேடம், இது கோதுமை. வேண்டாம்."

இரண்டாவது தடவை! என் மகள் இரண்டாவது தடவை வேண்டாம் என்று சொல்லி நான் அப்போதுதான் கேட்கிறேன். ஆனால் வார்டன் அம்மா சிரித்தார். கூச்சம் என்று நினைத்துவிட்டார். "எங்கம்மணி, ஒரே ஒரு முழுங்கு" என்று டம்ளரை அவள் உதட்டருகே கொண்டுபோனார். சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள். ஷைனி டம்ளரின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். அந்தக் கை கொஞ்சம் நழுவியது. விலகிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்க!"

அப்படி ஒரு ஏனுங்கவை நான் அந்த ஊரில் கேட்டதில்லை. பூங்கொடி டின்னை என் கையில் திணித்துவிட்டு முன்னால் போனாள். "அந்தப் புள்ளை வேண்டாம், வேண்டாம்னு சொல்லுதுல்லங்க! கூச்சம்னு நெனச்சுப்போட்டீங்களா? அது அதுக்கு வெசமுங்க! நானும் இப்படித்தான் பாசத்துல கண்ணு தெரியாமப் போட்டனுங்க. போட்டுட்டு ரெண்டு நாளாத் தூங்கலைங்க. டம்ளரைக் கீழ வைங்க மொதல்ல!"

அவ்வளவு கோபத்திலும் ஒரு ங்க குறையவில்லை. வார்டன் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். ஷைனியின் கையைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய், முதல் முறையாகப் பயம் வந்தது. நான் நாலு நாளாகக் கத்தியும் அதை வரவழைக்க முடியவில்லை. அவர்கள் ஊர்க்காரி, அவர்கள் பாஷையில் சொன்னதும் உறைத்துவிட்டது.

"நெஜமாவே ஆகாதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சத்தியமா ஆகாது மேடம்" என்றாள் ஷைனி. "சப்பாத்தி போடுற அன்னைக்கு எனக்குக் கொஞ்சம் சோறு எடுத்து வச்சாப் போதும். தனிக் கரண்டியில எடுக்கணும். நானே வந்து சொல்லித் தாரேன்."

பூங்கொடி வார்டன் அம்மாவைச் சமையல்கட்டுக்கே கூட்டிக்கொண்டு போனாள். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. "கோதுமைங்க, மைதாங்க, ரவைங்க, சேமியாங்க, கட்டிப் பெருங்காயமுங்க. அப்பறம் பாசத்துல குடுக்கறதையும் கணக்குல சேத்துக்குங்க!" ஷைனி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் ஊருக்குத் திரும்பப் போவதில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ யாரையாவது பிடித்துத் திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டுவதற்கு ஒருவருமில்லை.

பூங்கொடியே என்னை பஸ் ஏற்றிவிட்டாள். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை என் மடியில் போட்டாள். "இது உங்களுக்குங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாதது இல்லைங்களே?"

தாராபுரம் தாண்டியதும் பிரித்துப் பார்த்தேன். கலகலா. பக்கத்து சீட் காலி. இனி வீட்டில் கோதுமை மாவு வாங்கலாம், பூரி சுடலாம், ரவை கிண்டலாம். வேண்டாம் என்று யாருக்காகவும் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருஷம் கழித்து ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.